உலகத்துச் சோற்று வகைகளும் நம் ஊர் அரிசியும்: காவிரிப் படுகை அடுக்களைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து திரும்பியவர் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவர்கள் அங்கே உண்டு பழகிய மந்தி என்னும் யேமன் இறைச்சிச் சோறும் நாசி லெமாக் என்னும் மலாய்த் தேங்காய்ப்பால் சோறும் இங்கும் வேரூன்றிவிட்டன. கைப்பேசியில் காணொளி பார்த்து இத்தாலியின் ரிசோட்டோவையும் ஸ்பெயினின் பாயெல்லாவையும் செய்து பார்ப்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஆனால் குறிப்பில் சொன்ன அளவுக்குத் தண்ணீரை ஊற்றியும் சோறு குழைந்துபோகிறது, இல்லையென்றால் விதைவிதையாக நிற்கிறது. குறிப்பை எழுதியவர் தம் ஊர் அரிசியை மனத்தில் வைத்து எழுதியிருப்பார். நாமோ சம்பா அறுவடையில் வந்த பொன்னியை உலையில் இட்டிருப்போம். ஆகவே பண்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அரிசியையும் நீரையும் முதலில் பார்ப்பதே முறை.

சோற்றுக்கு உலகத்தில் எத்தனை பெயர்கள் இருந்தாலும், வேகவைக்கும் வழிகள் பெரும்பாலும் நான்கில் அடங்கிவிடும். நிறைய நீரில் வேகவைத்து வடிப்பது, அளந்த நீரைக் கிளறாமல் வற்றவிடுவது, கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்துக் கிளறுவது, ஆவியில் அவிப்பது என்னும் இந்த நான்கும் நமக்குப் புதியவை அல்ல. அயல்நாட்டுக் குறிப்பைக் கையில் எடுத்தவுடன் அது இவற்றில் எதைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: கையில் உள்ள அரிசியை அறிந்துகொள்ளுதல்

அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரு கூறுகள் உள்ளன. அமைலோஸ் மிகுந்த அரிசி பொலபொலவென்று உதிரும், ஆறினால் விறைக்கும். அமைலோபெக்டின் மிகுந்தது ஒட்டும். ஆறினாலும் மென்மை போகாது. அமைலோஸ் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் இருந்தால் உதிரி வகை, 20 முதல் 25 வரை இடைப்பட்ட வகை, அதற்கும் குறைந்தால் மென்மையான வகை என்று கொள்வார்கள். லாவோஸ், வடகிழக்குத் தாய்லாந்து மக்கள் உண்ணும் ஒட்டரிசியில் அமைலோஸ் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம்.

இதை ஆய்வகத்துக்குப் போகாமலே வீட்டில் கண்டுகொள்ள வழி உண்டு. ஒரு கைப்பிடி அரிசியை வேகவைத்து, தட்டில் பரப்பி, மூடி வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். விறைத்துத் தனித்தனியாக நின்றால் அது உதிரி வகை. நசுங்கி விரலோடு ஒட்டினால் மென்மையான வகை. இன்னும் நுட்பமாகத் தெரிய வேண்டுமானால், அரிசியைக் குறுக்கே நறுக்கி நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடலாம்: சாதாரண அரிசி கருநீலமாக மாறும், உண்மையான ஒட்டரிசி செம்பழுப்பாக நிற்கும். சோதித்த மணிகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

அடுத்து நீர் அளவு. 50 கிராம் அரிசியை நிறைய நீரில் பதமாக வேகவைத்து, நன்றாக வடித்து, சோற்றை நிறுக்க வேண்டும். கூடிய எடைதான் அந்த அரிசி குடிக்கும் நீர். வற்றவைக்கும் பண்டங்களுக்கு இந்த அளவோடு, ஆவியாகப் போவதற்கென்று சிறிது கூட்டிக்கொண்டால் போதும். வெளிநாட்டுக் குறிப்பிலுள்ள ‘இரண்டு கோப்பைக்கு மூன்று கோப்பை’ என்னும் கணக்கைவிட இது நம்பத்தக்கது. வெந்து முடிய எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொண்டால் பின்னால் வரும் படிகளில் உதவும்.

அரிசியின் வயதும் முக்கியம். புது அரிசி குறைந்த நீரிலேயே குழையும். ஓராண்டு பத்தாயத்தில் கிடந்த நெல்லின் அரிசி கூடுதல் நீர் குடித்து, நீண்டு, உதிரியாக வேகும். பாஸ்மதியைப் பழக்கி விற்பதும் இதனால்தான். பொங்கலுக்குப் புதுப் பச்சரிசி, விருந்துச் சாப்பாட்டுக்குப் பழைய அரிசி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பிரித்து வைத்ததன் பின்னணியும் இதே கணக்குதான்.

ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. (ஆடுதுறை) வரிசை ரகங்கள் ஒரு பக்கம் இருக்க, திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களால் மரபு ரகங்களும் உழவர் கைக்குத் திரும்பின. ஆகவே தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, கருப்புக் கவுனி ஆகியவற்றை இன்று படுகையின் எந்த நகரத்திலும் வாங்கலாம். கீழே வரும் பண்டங்களுக்கு இவையே பெரும்பாலும் போதும்.

படி 2: களைவதா, வேண்டாமா

வடிக்கும் பண்டத்துக்கும் வற்றவைக்கும் பண்டத்துக்கும் கழுநீர் தெளியும்வரை களைய வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் மாவு போனால்தான் மணிகள் பிரிந்து நிற்கும். கிளறும் ரிசோட்டோவுக்கு அரிசியைக் களையவே கூடாது. அந்த மாவுதான் அதன் குழைவுக்கு அடிப்படை. பாயெல்லாவுக்கும் ஸ்பெயினில் களைவதில்லை, ஆனால் நம் கடை அரிசியில் தவிடும் தூசியும் மிகுதியாக இருந்தால் ஒருமுறை அலசி, துணியில் உலர்த்திவிட்டுப் பயன்படுத்தலாம். தூசியைத் தின்று மரபைக் காக்க வேண்டியதில்லை.

படி 3: வடித்தல் – ஈரானியச் செலோ

நாம் நாள்தோறும் வடிக்கிறோம் என்பதால் இதிலிருந்து தொடங்குவது எளிது. ஈரானில் செலோ என்பது வெறும் வெள்ளைச் சோறு. காய், இறைச்சி, பருப்பு, உலர்பழம் கலந்தால் அது பொலோ. நாம் முழுப்பதத்தில் வடித்து நிறுத்திவிடுகிறோம். அவர்கள் முக்காற்பதத்தில் வடித்து, மீதியை ஆவியில் முடிக்கிறார்கள். வேற்றுமை இவ்வளவுதான், ஆனால் பலன் பெரிது.

400 கிராம் பழைய பாஸ்மதியை, அல்லது பழைய தூயமல்லிப் பச்சரிசியை, உப்பு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தூயமல்லியில் பாஸ்மதியின் நீளம் வராது, உதிரித்தன்மை வரும். மூன்று லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, மூன்று மேசைக்கரண்டி உப்பிட்டு, ஊறிய அரிசியைப் போட்டு, ஐந்தாம் நிமிடத்திலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். வெளிப்புறம் மென்மையாகி, நடுவில் மட்டும் பல்லில் சற்றே தட்டுப்படும்போது உடனே வடித்துவிட வேண்டும். உப்பின் பெரும்பகுதி கஞ்சியோடு போய்விடும் என்பதால் அளவைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

அடி கனத்த பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டு, குங்குமப்பூ கரைத்த இரண்டு கரண்டி நீரைச் சேர்த்து, வடித்த அரிசியைக் கூம்பாகக் குவிக்க வேண்டும். அழுத்தக் கூடாது. கரண்டிக் காம்பால் அடிவரை நான்கைந்து துளைகள் இட்டு, நடுத்தரத் தீயில் எட்டு நிமிடம் வைக்க வேண்டும். ஆவி எழுந்ததும் மூடியைத் துணியால் சுற்றி இறுக மூடித் தீயைச் சிறிதாக்கி, நாற்பது நிமிடம் தொடாமல் விட வேண்டும். அந்தத் துணி உறைக்குத் தம்கோனி என்று பெயர். மூடியில் படியும் நீர் சோற்றில் சொட்டாமல் அது உறிஞ்சிக்கொள்ளும். இட்லித் துணியை நான்காக மடித்துக் கட்டினாலும் போதும், முனைகள் தீயில் படாமல் மேலே முடிந்துவிட வேண்டும்.

அடியில் பொன்னிறமாகப் பிடிப்பதுதான் தாதீக். ஈரானிய வீடுகளில் விருந்தாளிக்கு முதலில் போவது அதுதான். அது பிடித்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்க்க முடியாது. விரலை ஈரமாக்கிப் பாத்திரத்தின் பக்கவாட்டில் நொடிப்பொழுது தொட்டால் ‘சுர்ர்’ என்ற ஒலி கூர்மையாக வர வேண்டும். இறக்கியதும் பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த நீரில் ஓரிரு நிமிடம் வைத்தால் அது முழுத் தட்டாகப் பெயர்ந்து வரும்.

நம் வீடுகளில் காந்தல் என்று சுரண்டி எறிவதையோ பிள்ளைகளுக்கு இரகசியமாகக் கொடுப்பதையோ பிற நாட்டார் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். ஸ்பெயினில் சோக்கர்ராத், கொரியாவில் நுருங்ஜி, ஜப்பானில் ஒகோகே, டொமினிக்கன் குடியரசில் கொன்கோன், செனகலில் ஹோஞ் என்பவை எல்லாம் இதே அடிச்சோறுதான். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் இடையே மூன்று நான்கு நிமிட இடைவெளிதான் என்பதால், அலுமினியப் பாத்திரத்தில் இதை முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 4: அளந்த நீரை வற்றவிடுதல்

உலகத்துச் சோற்று வகைகளில் பெருங்குடும்பம் இதுவே. இதில் பொது விதி ஒன்றுண்டு: அரிசியை இட்டபின் கரண்டியை உள்ளே விடக் கூடாது.

இறைச்சியும் கேரட்டும் சேர்த்துச் செய்யும் உஸ்பெகிஸ்தானின் பலோவை முதலில் எடுத்துக்கொள்வோம். 2016-இல் உஸ்பெகிஸ்தானின் பலோவும் தஜிகிஸ்தானின் ஓஷி பலாவும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தன. பிரியாணியை நன்றாகச் செய்பவர்கள் இதில் தோற்கக் காரணம் மசாலாவை அள்ளிப் போடுவதுதான். பலோவுக்குச் சீரகம், முழுப்பூண்டு, மிகுதியான கேரட் போதும். கசான் என்னும் கனத்த இரும்புக் கொப்பரைக்குப் பதில் ஆழமான இருப்புச்சட்டியை வைத்து, 150 மில்லி எண்ணெயை நன்கு காயவிட்டு, அரைக் கிலோ ஆட்டிறைச்சியைச் சிவக்க வறுத்து, வெங்காயம் சேர்த்து, தீக்குச்சிபோல் நறுக்கிய அரைக் கிலோ கேரட்டைப் பரப்ப வேண்டும். துருவிய கேரட் கரைந்துவிடும். சீரகமும் உப்பும் சேர்த்து, இறைச்சி மூழ்கும்வரை நீர் விட்டு, மேல்தோல் நீக்கிய முழுப்பூண்டுகளை உள்ளே அமிழ்த்தி, சிறு தீயில் இறைச்சி மென்மையாகும்வரை விட வேண்டும். இந்த அடித்தளத்துக்குச் சிர்வாக் என்று பெயர். சுவைத்தால் உப்பு சற்றே தூக்கலாகத் தெரிய வேண்டும். அரிசி வந்து அதை வாங்கிக்கொள்ளும்.

அதன்மேல் அரை மணி ஊறிய அரைக் கிலோ அரிசியைச் சமமாகப் பரப்பி, அரிசிக்கு மேல் ஒன்றரைச் செண்டிமீட்டர் நிற்கும்படி கொதிநீரைக் கரண்டியின் முதுகில் வார்க்க வேண்டும். சீரகச் சம்பா என்றால் அதில் பாதி உயரம் போதும். பெருந்தீயில் நீர் வற்றியதும் ஓரத்திலிருந்து நடுவுக்குக் குவித்து, துளையிட்டு, தட்டால் மூடி, இருபது நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்க வேண்டும். பரிமாறும்போது சோறு அடியிலும் கேரட்டும் இறைச்சியும் மேலேயும் வரும்.

வலென்சியாவின் பாயெல்லாவுக்கு எல்லாமே எதிர்மாறு: ஆழமற்ற அகன்ற சட்டி, மூடி இல்லை, அரிசியின் கனம் ஒரு விரலைத் தாண்டக் கூடாது. தக்காளியை எண்ணெயில் சுருள வதக்கும் சோஃப்ரித்தோதான் அதன் உயிர். அந்த ஊரில் பாம்பா என்னும் குறுகிய அரிசி தன் அளவைப்போல் மூன்று மடங்கு நீர் குடிக்கும். நம் அரிசிக்குப் படி 1-இல் கண்ட அளவையே கொள்ள வேண்டும். பத்து நிமிடம் பெருந்தீ, எட்டு நிமிடம் சிறு தீ, கடைசியில் அடியில் சடசடவென்று ஒலி கேட்டதும் இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடுதல் என்பது கணக்கு. வலென்சியாவில் வாய்க்கால் நீர்ப் பங்கீட்டுச் சண்டையைத் தீர்க்க வியாழன்தோறும் தேவாலய வாசலில் உழவர்களே நீதிமன்றம் கூடுகிறார்கள் என்பது முறைத் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் தக்காளிச் சோறான ஜொலோஃபுக்குப் புழுங்கலரிசியே பொருத்தம். நைஜீரியர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தக்காளி, சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், மிளகாய் அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்குவதில் பொறுமை காட்டினால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். புழுங்கல் பொன்னி குழையாமல் அந்தச் சாற்றைத் தாங்கும்.

நாசி லெமாக்கில் பலர் செய்யும் பிழை, முதல் தேங்காய்ப்பாலில் அரிசியை வேகவைப்பது. கொழுப்பு மிகுந்த பாலில் அரிசி சரியாக நீர் குடிக்காது, அடியும் பிடிக்கும். இரண்டாம் பாலில் ரம்பை இலையும் இஞ்சித் துண்டும் இட்டு வேகவைத்து, இறக்குமுன் முதல் பாலைத் தெளித்து மூடிவிடலாம். நெத்திலியை வறுத்து, சம்பலோடு வைப்பது நாகூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மந்தி யேமனில் நிலத்துக்குள் பதித்த அடுப்பில் வேகும். மேலே தொங்கும் இறைச்சியின் கொழுப்பு கீழேயுள்ள அரிசியில் சொட்டும். வீட்டில் அதை முழுமையாகக் கொண்டுவர இயலாது, கரித்துண்டுப் புகையோடு நிறைவடைய வேண்டியதுதான்.

படி 5: கிளறுதல் – ரிசோட்டோ

வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியும் வாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் நாடுதான். 1866-இல் திறந்த காவூர் கால்வாய் போ ஆற்று நீரை வெர்செல்லி, நொவாரா வயல்களுக்குக் கொண்டுவந்தது. அங்கே விளையும் ஆர்போரியோ, கார்னரோலி அரிசிகளைக் கிளறும்போது மேற்புற மாவுச்சத்து உராய்ந்து குழம்பில் கரைந்து பாகாகும். உட்புறம் மட்டும் உறுதியாக நிற்கும். புதுப் பச்சரிசியில் குறுகித் தடித்த வகையை எடுத்தால் நாம் இதற்கு அருகில் போகலாம். முற்றிலும் அதே பண்டம் வராது.

நான்கு பேருக்கு 300 கிராம் அரிசியும் ஒரு லிட்டர் காய்ச்சாறும் வேண்டும். வெங்காயம், கேரட், கொத்தமல்லித் தண்டு ஆகியவற்றைக் கொதிக்கவைத்து வடிகட்டி, பக்கத்து அடுப்பில் கொதிநிலையிலேயே வைத்திருக்க வேண்டும். ஆறிய சாற்றை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் வேக்காடு நின்று நின்று தொடங்கும். வெண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, களையாத அரிசியைக் கொட்டி, இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். விளிம்புகள் கண்ணாடிபோல் ஆகி நடுவில் வெண்புள்ளி நிற்கும் இந்தப் பதத்துக்குத் தொஸ்தத்தூரா என்று பெயர். இத்தாலியர் இந்த இடத்தில் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். அந்தப் புளிப்புக்காகக் கடைசியில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் போதும்.

பிறகு ஒரு கரண்டி சாறு, அது வற்றும்வரை மெல்லக் கிளறல், மறுபடி ஒரு கரண்டி. ஆர்போரியோவுக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம் ஆகும். நம் அரிசியைப் பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்தே கடித்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்குப் பழகிய கை இங்கேதான் தவறும்: பொங்கலில் மணி முழுதும் குழைய வேண்டும், ரிசோட்டோவில் நடுவில் சிறு உறுதி மிஞ்ச வேண்டும். அந்தப் பதத்துக்கு ஒரு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்து, குளிர்ந்த வெண்ணெய் 50 கிராமும் துருவிய பார்மிசான் 50 கிராமும் சேர்த்து வேகமாகக் கிளறுவதுதான் மாந்தெக்கத்தூரா. வெண்ணெய் குளிர்ச்சியாக இருந்தால்தான் பிரியாமல் பாகோடு கலக்கும். சாதாரணப் பதப்படுத்திய சீஸ் நூல் நூலாக இழுக்கும் என்பதால், பார்மிசான் கிடைக்காதபோது வெண்ணெயோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பதம் பார்க்க, தட்டில் வைத்துச் சாய்த்தால் அது அலையாக நகர வேண்டும். இதை அல்லோந்தா என்பார்கள். குவியலாக நின்றால் சாறு குறைவு, நீர் தனியே ஓடினால் கிளறல் குறைவு. குங்குமப்பூவைச் சாற்றில் ஊறவைத்துச் சேர்த்தால் மிலான் நகரத்து ரிசோட்டோ. இதை ஆறவிட்டுப் பரிமாறக் கூடாது, விருந்தினர் இலைமுன் உட்கார்ந்தபின் இறக்குவதே முறை.

படி 6: ஆவியில் அவித்தல்

லாவோஸின் ஒட்டரிசிச் சோறான காவ் நியாவ் நீரில் வேகுவதே இல்லை. ஒட்டரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, வடித்து, கூம்பு வடிவ மூங்கில் கூடையில் இருபது இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வைத்து, பாதியில் ஒருமுறை புரட்டிப் போடுவார்கள். நம் இட்லிப் பானையும் ஈரத்துணியும் அந்த வேலையைக் குறைவின்றிச் செய்யும். ஒட்டரிசிக்குப் பதிலாகக் கருப்புக் கவுனியை அவிக்கலாம், ஆனால் தவிடு நீக்காத அரிசி என்பதால் ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆகும். இடையிடையே வெந்நீர் தெளிக்க வேண்டும்.

செனகலின் மீன் சோறான செபு ஜென், ஆவியையும் வற்றவைத்தலையும் சேர்த்த பண்டம்; 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு வேண்டியது முழு அரிசி அன்று, நொய். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இந்தோசீனாவிலிருந்து நொய்யரிசி அங்கே இறக்குமதியாகி, அதுவே ருசியாக நிலைத்துவிட்டது. நாம் கஞ்சிக்கும் கோழிக்கும் ஒதுக்கும் பொருள், அங்கே விருந்துக்கு உரியது. நாகப்பட்டினத்துக் களவா மீனைத் துண்டுகளாக்கி, பூண்டு, மிளகாய், பார்ஸ்லி (கொத்தமல்லியும் ஆகும்) அரைத்த ரோஃப் என்னும் விழுதைக் கீறல்களில் திணித்துப் பொரித்து எடுத்து, அதே எண்ணெயில் வெங்காயமும் தக்காளி விழுதும் வதக்கி, நீர் விட்டு, முட்டைக்கோசு, கேரட், கத்திரிக்காய், மரவள்ளியோடு மீனையும் வேகவைக்க வேண்டும். அவர்கள் ஆழ்ந்த சுவைக்குச் சேர்க்கும் குவெஜ் என்னும் புளித்த உலர்மீனுக்கு நம் கருவாட்டில் ஒரு சிறு துண்டு ஈடாகும். அந்தச் சாற்றின் ஆவியிலேயே களைந்த நொய்யைப் பத்து நிமிடம் அவித்து, பின் மீனையும் காய்களையும் எடுத்துவிட்டு, நொய்யை அளவான சாற்றில் போட்டு மூடி வற்றவிட வேண்டும். முன்னமே ஆவியில் அவிப்பதால்தான் நொய் களியாகாமல் தனித்து நிற்கிறது.

கஞ்சியைப் பற்றி நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியர் ஒகாயு என்னும் தம் கஞ்சியில் அரிசியின் அளவைப்போல் ஐந்து, ஏழு, பத்து மடங்கு நீர் என்று நோயாளியின் நிலைக்கேற்பப் படிகளாக வகுத்திருப்பது மட்டும் நம் வீடுகளிலும் கடைப்பிடிக்கத் தக்கது.

படி 7: மிஞ்சிய சோறு

வெந்த சோற்றில் பேசிலஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் உயிரோடு இருக்கும்; வெதுவெதுப்பில் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சுகளுள் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மிஞ்சிய பலோவையும் ஜொலோஃபையும் ஒரு மணி நேரத்துக்குள் அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே முறையில் தீர்த்துவிட வேண்டும். ஜப்பானியர் சுஷிச் சோற்றில் காடி (வினிகர்) சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று, அந்தப் புளிப்பு நுண்ணுயிரையும் கட்டுப்படுத்துகிறது. நீரூற்றிய பழைய சோற்றில் இயல்பாக உண்டாகும் புளிப்பும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அது வெறும் சோற்றுக்குத்தான் பொருந்தும். இறைச்சி கலந்த சோற்றையோ தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக்கையோ நீரூற்றி வைக்கக் கூடாது. நாசி லெமாக்கை அன்றே உண்டு முடித்துவிட வேண்டும்.